பார்லி மேடு என்று சொன்னவள்

"வாயை அலம்பிட்டு வாடி! அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னேன்னா உன்கூட நான் கீரை கிள்ள வரமாட்டேன்."

தம்யாங்காரி அரிவாளை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத்தான் இதைச் சொன்னாள். அந்த ஊருக்கு வாழ வந்த பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்க்காரி, அவ்வளவுதான். தம்யாங்கிலிருந்து வந்தவள் தம்யாங்காரி. அவளிடம் திட்டு வாங்கியவள் நம்வொன்காரி.

"என்னக்கா தப்பா சொல்லிட்டேன்? பார்லி மேடு இந்த வருஷம் செங்குத்தா இருக்குன்னேன். பொய்யா?"

"பாரு, மறுபடியும்! மேட்டுல நிக்கும்போது மேட்டுப் பேரைச் சொல்லக் கூடாது. தாண்டினப்புறம் சொல்லு. பார்லி அறுத்து, வயிறு முட்டத் தின்னு, ஏப்பம் விட்டுட்டு, 'அப்பாடி, போன மேடு பொல்லாத மேடு'ன்னு சொல்லு. யார் வேண்டாங்கறா?"

"அப்ப இன்னிக்கு என்னன்னு சொல்றது?"

"பொழுது நீளமா இருக்குன்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்?"

மலைச்சரிவில் மாசிபத்திரிக் கீரையே இல்லை. ஊர்ப் பெண்கள் வந்து வந்து சரிவை மொட்டையடித்திருந்தார்கள். பைன் மரங்களில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிந்து, உள்தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த உள்தோலை இடித்துக் கஞ்சி காய்ச்சினால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் மறைவிடத்தில் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும்.

"எங்க வீட்டுக்காரரு நேத்து மறைவுக்குப் போனவரு," என்று தம்யாங்காரி ஆரம்பித்தாள், "சூரியன் உச்சிக்கு வந்தப்புறம்தான் திரும்பி வந்தாரு. பிரசவ வலி என்னன்னு இப்பத் தெரியுதான்னு கேட்டேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போனாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.

சற்றுத் தள்ளிக் கிள்ளிக்கொண்டிருந்த ஹாதோங்காரி, ஊர்த்தலைவரின் மனைவி, ஆற்றுக்கு அக்கரைப் பேச்சில் இழுத்துக் கேட்டாள்:

"அதுக்கு ஏன் மேடுன்னு பேரு வச்சாங்க? பள்ளம்னுல்ல வச்சிருக்கணும்? விழறதுதானே?"

"நிஜ மேடு ஒண்ணு இருந்துதாம்," என்றாள் தம்யாங்காரி. "எங்க பக்கத்துல சொல்லுவாங்க. தானிய ஜாடி காலியானதும் அந்தக் கணவாயைத் தாண்டி, சொந்தக்காரங்க வீட்டுக்கு தானியம் கேட்டுப் போவாங்களாம். ஏறும்போது ஒண்ணும் ஆகாது. உச்சியில, கொஞ்சம் மூச்சு வாங்கலாம்னு உக்காருவாங்க. உக்காந்தவங்க எந்திரிக்க மாட்டாங்க."

"அதெல்லாம் கதை," என்றாள் நம்வொன்காரி. "இந்தப் பக்கம் காலி ஜாடி. அந்தப் பக்கம் பார்லி பச்சையா நிக்குது, கண்ணுக்குத் தெரியுது, ஆனா கைக்கு வரலை. நடுவுல இருக்கிற நாளுங்க மலை மாதிரி நிக்குது. சுத்திக்கிட்டுப் போக வழியில்லை, ஏறித்தான் ஆகணும். அதான் மேடு."

ஹாதோங்காரி கூடையைப் பார்த்தாள். "ஏறித்தான் ஆகணும்னா, ஏறுறேன்னு ஏன் சொல்லக் கூடாது?" என்றாள் மெதுவாக. பிறகு தலைவர் மனைவி என்ற நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. "எனக்கென்ன, எங்க வீட்டுல இருக்கு," என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த வார்த்தையைப் புழங்குவதற்கு முறை இருந்தது. விருந்தாளி முன்னால் சொல்லக் கூடாது. சம்பந்தம் பேசும் வீட்டில் சொல்லக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டில் மூச்சே விடக் கூடாது. யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "சாப்பிட்டாச்சு" என்பதுதான் பதில். என்ன சாப்பிட்டாய் என்று திருப்பிக் கேட்பவன் மனுஷனே அல்ல. சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கொப்பரையில் போட ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் தண்ணீரையாவது கொதிக்க வைத்து, புகைபோக்கியில் புகை எழுப்பிவிட வேண்டும். புகை வராத வீடு அம்மணமாக நிற்கிற வீடு.

இந்தப் புகைதான் அந்த ஊரை மாட்டிவிட்டது. பனி உருகின சமயத்தில் வட்டார ஆபீஸிலிருந்து ஹான் என்ற எழுத்தர் ஒருவர் வந்திருந்தார். கைகுலுக்கும் படம் போட்ட அமெரிக்க மாவு மூட்டைகள் வந்திருக்கின்றன, தானியம் தீர்ந்துபோன குடும்பங்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார். ஊர்வாசல் பெருமரத்தடியில் தலைவரோடு நின்று சாயங்காலப் புகையைப் பார்த்தார். எல்லாக் கூரையிலும் புகை. "தானியம் தீர்ந்த வீடு உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் தலைவர். மாவு மூட்டைகள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டன.

நாளைக்கு அந்த எழுத்தர் மறுபடியும் வருகிறார். மிச்சம் இருப்பது கடைசி வண்டி மாவு. அதற்குப் பிறகு கிடையாது.

*

நம்வொன்காரியின் வீட்டு வாசலில் இடப்புறம் திரித்த வைக்கோல் கயிறு குறுக்கே கட்டியிருந்தது. அதில் கரித்துண்டும் பைன் கொத்தும் செருகியிருந்தன. உள்ளே பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அயலார் வரக் கூடாது என்று அர்த்தம். அவள் குனிந்து உள்ளே போனாள்.

பெற்றவள் அவளுடைய ஓரகத்தி பூன்சிம். வந்து ஒரு வருஷம்தான், ஊர்ப்பெயர் இன்னும் ஒட்டவில்லை. அவர்களுடைய புருஷன்மார், அண்ணன் தம்பி இரண்டு பேரும், கடலோரத்தில் உப்பளத்து வேலைக்குப் போயிருந்தார்கள். கூலி கோடை முடிந்துதான் வரும். வீட்டில் இந்த இரண்டு பெண்களும் அந்தப் பிஞ்சும்தான்.

"பால் வந்துச்சாடி?"

"வர்ற மாதிரி இருந்துச்சு அக்கா. எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

"நீ கடற்பாசிச் சாறு குடிச்சியா?"

"குடிச்சேன். சோறு இல்லாம வெறும் பாசி எத்தனை தடவைதான் பாலாகும்? நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு."

"எங்க?"

"மலையில."

"மலையில யாரு வடிச்சு வச்சிருந்தா?"

நம்வொன்காரி குழந்தையைப் பார்த்தாள். நேற்றைவிட இன்றைக்கு அழுகை சன்னமாக இருந்தது. குழந்தை அழாமலிருந்தால் நிம்மதி என்று நினைக்கிற வீடுகள் உண்டு. இந்த வீட்டில் அழுகை குறையக் குறைய இவள் குனிந்து குனிந்து காது வைத்துக் கேட்டாள்.

அவள் சமையலறைக்குள் இறங்கி, இரும்புக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றினாள். பைன் சருகைத் திணித்து நெருப்பு மூட்டினாள். அடுப்புச் சூடு தரைக்கு அடியில் ஓடி அறையைக் கதகதப்பாக்கும். அதில் ஒரு பிரயோஜனம் இருந்தது. ஆனால் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில், சோறு வடிக்கிற நேரத்தில் மூட்டுவது தரைக்காக அல்ல.

உள்ளேயிருந்து பூன்சிம் குரல் கொடுத்தாள். "அக்கா, இந்தப் புகை யாருக்காக?"

"ஊருக்கு."

"ஊருக்குத் தெரியாதா? அவங்களும் தண்ணிதானே கொதிக்க வைக்கிறாங்க?"

"பேசாம படு. பச்சை உடம்பு."

"மாவு ஏன் நமக்கு வரலை? மேட்டுல இருக்கோம்னு ஒருத்தரும் சொல்லலை. பார்லி மேடுன்னு ஒருத்தர் வாயும் திறக்கலை."

"அடியே! கயித்துக்குள்ள இருந்துக்கிட்டு!"

"கயித்துக்கு வெளியவா அது நிக்குது? அது எப்பவோ உள்ள வந்து, சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, என் குழந்தையோட பாலைக் குடிச்சுக்கிட்டிருக்கு. பேர் சொன்னா வந்துடும்னு பயப்படறீங்க. சொல்லாததுனாலதான் போகாம உக்காந்திருக்கு."

நம்வொன்காரி கையிலிருந்த சருகை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பாவாடையை உதறிக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்கு நடந்தாள்.

*

"சாப்பிட்டாச்சாம்மா?" என்றார் தலைவர் குவோன். வைக்கோல் செருப்பு பின்னிக்கொண்டிருந்தார்.

"இல்லை."

தலைவரின் கை நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு அவர் வாழ்நாளில் அப்படி ஒரு பதில் கேட்டதில்லை.

"நாளைக்கு எழுத்தர் கேட்டா, பார்லி மேட்டுல இருக்கோம்னு நீங்க சொல்லணும் தலைவரே."

"மெதுவா பேசும்மா. அந்த வார்த்தை மேலிடத்துல எங்கேயும் கிடையாது இப்ப. ஒழிச்சாச்சுன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்க. 'பசியில்லா ஊர்'னு ஊர்வாசல்ல பலகை வைக்கப் போறாங்க. வட்டாரத்துலயே நமக்குத்தான் முதல் பலகை."

"பலகையை இடிச்சா எத்தனை படி மாவு வரும்?"

"நக்கல் பண்ணாதே. நான் பலகைக்கு ஆசைப்படறவன் இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஊரைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்லிட்டா அது போகாது. சட்டையில பட்ட மல்பெரிப் பழக் கறை மாதிரி. எங்க பொண்ணுக்குச் சமவெளிப் பக்கம் பேசிக்கிட்டிருக்கோம், உனக்குத் தெரியும். 'ஓ, மேட்டுப் பட்டினி ஊரா?'ன்னு கேப்பாங்க. எங்க பொண்ணு மட்டுமா? ஊர்ப் பொண்ணுங்க அத்தனை பேருக்கும் அதுதான் சீதனம். உன் வீட்டுல இப்ப பொறந்திருக்கே, அதுக்கும்."

"அது கல்யாண வயசு வரைக்கும் இருக்கணுமே தலைவரே."

அவர் பின்னின வைக்கோலைப் பிரித்தார். "பொழுது நீளமா இருக்குன்னு வேணா பட்டும் படாம சொல்லிப் பார்க்கறேன்," என்றார்.

"நீளமான பொழுதைப் பிசைஞ்சு கொப்பரையில கிள்ளிப் போட முடியுமா? மாவைத்தான் போட முடியும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"பொம்பளை போய் ஆபீஸ்காரங்க முன்னாடி நிப்பியா?"

"நிக்கறதுக்குத் தெம்பு இருந்தா நிப்பேன். இல்லைன்னா உக்காந்துக்கிட்டுச் சொல்லுவேன்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஹாதோங்காரியின் பாவாடை நுனி தெரிந்தது. கொப்பரையில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

*

மறுநாள் காலை கிணற்றடியில் நம்வொன்காரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "இன்னிக்குச் சாயங்காலம் யாரும் அடுப்பு மூட்டாதீங்க. தரைச்சூடு வேணும்னா மத்தியானமே மூட்டிக்குங்க. அந்த ஆளு வரும்போது ஒரு கூரையிலயும் புகை வரக் கூடாது."

குடத்தைக் கையில் வைத்தபடியே எல்லாரும் நின்றுவிட்டார்கள். தம்யாங்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பாவாடையை அவுத்துட்டு நில்லுன்னு சொல்றது மாதிரி இருக்குடி இது."

"ஊரே அவுத்துட்டு நின்னா யாரு யாரைப் பார்த்துச் சிரிக்கறது?"

"நீ மூட்டாம இரு. எங்களை இழுக்காதே," என்று குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். ஒருத்தியும் சரி என்று சொல்லவில்லை.

மத்தியானம் நம்வொன்காரி அடுப்பை நன்றாக மூட்டி, பூன்சிம் படுத்திருந்த தரையைச் சூடாக்கி, குழந்தையையும் அவளையும் போர்த்திவிட்டாள். சாயங்காலம் அடுப்பைத் தொடவில்லை. முற்றத்தில் நின்று பார்த்தாள். தம்யாங்காரி கூரையில் புகை. அதற்கு அடுத்த கூரையில் புகை. எல்லாவற்றிலும் கனமாகத் தலைவர் கூரையில். அவள் கூரை ஒன்றுதான் மொட்டையாக நின்றது.

முகம் எரிந்தது. பசியினால் அல்ல. கொஞ்சம் சருகை அள்ளிப் போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு ஊர்வாசலுக்கு நடந்தாள்.

பெருமரத்தடியில் ஹான் எழுத்தர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருந்தார். சின்ன வயசு. காலரில் ஒட்டுப்போட்டிருந்தது. பக்கத்தில் தலைவர்.

"அந்த ஒரு வீட்டுல மட்டும் புகையைக் காணோமே?" என்று எழுத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது பிள்ளை பெத்த வீடு. ஏதாவது சடங்கா இருக்கும்."

"சடங்கு இல்லை ஐயா," என்றாள் நம்வொன்காரி. "அது என் வீடு. வடிக்க ஒண்ணுமில்லை, அதனால மூட்டலை. நாங்க பார்லி மேட்டுல இருக்கோம்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா, அந்த வார்த்தையை இப்ப ஆபீஸ்ல யாரும் சொல்றதில்லை. வசந்தகால தானிய இடைவெளின்னு..."

"இடைவெளியா? பல்லுக்கு நடுவுல இருக்கிறதா? ஐயா, நீங்க அங்க எதுன்னு வேணா சொல்லிக்குங்க. இங்க இதுக்குப் பேரு பார்லி மேடு. பார்லி மேடு. பார்லி மேடு. ஊர் மொத்தமும் அதுல நிக்குது."

"ஊர் மொத்தமுமா? மத்த வீட்டுல எல்லாம் புகை வருதே."

"எந்தப் புகை ரொம்பக் கனமா இருக்கு? நீங்களே காட்டுங்க. அந்த வீட்டுக்கே போய்க் கொப்பரையைத் திறந்து பார்ப்போம்."

எழுத்தர் கையை நீட்டினார். தலைவர் வீட்டுப் பக்கம் நீட்டினார்.

"என் வீட்டுக்கா? பொம்பளைங்க புழங்கற சமையலறை, அதெல்லாம் முறையில்லை," என்று தலைவர் குறுக்கே வந்தார். ஆனால் நம்வொன்காரி முன்னால் நடந்துவிட்டாள். எழுத்தர் பின்னால் போனார். வேறு வழியில்லாமல் தலைவரும் போனார்.

ஹாதோங்காரி அடுப்பின் முன் குந்தியிருந்தாள். கரண்டியால் கொப்பரையைச் சுற்றிக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கம் சத்தம் கேட்க வேண்டுமல்லவா. மூன்று பேரையும் பார்த்தாள். புருஷனின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்த முகம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிற்று. அவள் எழுந்தாள்.

"வாங்க ஐயா. சாப்பிடற நேரத்துக்கு வந்திருக்கீங்க. உக்காருங்க."

சின்ன மேஜையைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். கிண்ணம், கரண்டி, எல்லாம் முறைப்படி. மூடியைத் திறந்து கொப்பரையிலிருந்து மொண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். கிண்ணத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது.

"இன்னும் கெட்டிப்படலை. நாலு நாளா கிண்டறேன், அப்படியேதான் இருக்கு. சாப்பிடுங்க. வயிறு நிறையச் சாப்பிடுங்க, வேணும்கற அளவு இருக்கு."

எழுத்தர் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வெந்நீர் குடித்தார். இன்னொரு வாய். கிண்ணம் காலியாகும் வரைக்கும் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போன தடவையே எனக்குத் தெரியும்," என்றார். "ஊர் முழுக்கப் புகை. ஒரு கூரையிலேருந்தும் சோத்து வாசனை வரலை. எங்க அம்மாவும் தண்ணிதான் கொதிக்க வைப்பா. கல்லைப் போட்டுக் கலக்குவா, சத்தம் வர்றதுக்கு."

நம்வொன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா இல்லைன்னு எழுதிட்டுப் போனீங்க?"

"ஊரே இல்லைங்கும்போது நான் மட்டும் உண்டுன்னு எப்படிம்மா எழுதறது? ஒரு வாயாவது சொல்லணுமே. பத்து ஊர் சுத்திட்டேன். எல்லா இடத்துலயும் பொழுது நீளமா இருக்குங்கறாங்க. நீளமான பொழுதுக்கு மாவு கொடுக்கச் சொல்லி உத்தரவு இல்லை."

"இப்ப ஒரு வாய் சொல்லியாச்சு."

"ரெண்டு வாய்," என்றாள் ஹாதோங்காரி. "நாங்களும் மேட்டுலதான் இருக்கோம். சமவெளிச் சம்பந்தம் போனா போகட்டும். பட்டினின்னு சொல்ல வெக்கப்படற வீட்டுல என் பொண்ணு போய், அங்கேயும் வெறும் தண்ணியைக் கிண்டவா?" சொல்லிவிட்டுச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு அடுப்பில் வீசினாள். புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பி, அறுந்து, நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்யாங்காரியின் குரல் வந்தது. "தலைவர் வீட்டு அடுப்பே அணைஞ்சுடுச்சா?"

"அணைச்சுட்டேன்!" என்று கத்தினாள் ஹாதோங்காரி.

"அப்படின்னா நான் மட்டும் எதுக்குச் சருகு பொறுக்கிக் கை தேயணும்?" அங்கேயும் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும். வெளியே வந்து பார்த்தபோது, மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் புகைகள் ஒவ்வொன்றாக மெலிந்து அற்றுப்போய்க்கொண்டிருந்தன. அந்த ஊருக்கு மேலே சாயங்கால வானத்தை யாரும் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை.

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். "தானியம் தீர்ந்த வீடு உண்டா?"

தலைவர் தன் கூரையைப் பார்த்தார். "எல்லா வீடும்," என்றார். பிறகு, ஏதோ முள்ளைத் துப்புகிறவர் போல, "பார்லி மேடு," என்றார்.

*

பலகை வரவில்லை. மாட்டு வண்டி வந்தது. மழையில் நனைந்து, கைகுலுக்கும் கைகள் சாயம் போயிருந்த மூட்டைகள். பங்கு பிரித்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம்தான் கிடைத்தது. பார்லி முற்ற இன்னும் நாள் இருந்தது. சமவெளிக்காரர்களிடமிருந்தும் ஒரு சேதியும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹாதோங்காரி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நம்வொன்காரி மாவைப் பிசைந்து, கொதிக்கிற கடற்பாசிச் சாற்றில் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பூன்சிம் முதல் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாவது கிண்ணத்தில் பாதியில் நிறுத்தி, "நீங்க?" என்றாள்.

"நான் சாப்பிடலைடி. நீ முடி, மிச்சத்தை நான் சாப்பிடறேன்."

பூன்சிம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் அந்தப் பதில் அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டு நாள் அப்படிச் சாப்பிட்ட பிறகு குழந்தையின் அழுகை தடித்தது. மூன்றாம் நாள் சுவர் தாண்டிக் கேட்டது. நம்வொன்காரி வாசலில் வைக்கோல் கயிற்றுக்குள் நின்றுகொண்டு அதைக் கேட்டாள். எதிரே தம்யாங்காரி காலிக் கூடையோடு மலைக்குக் கிளம்பியிருந்தாள். பழக்க தோஷம், கேட்டுவிட்டாள்:

"சாப்பிட்டாச்சா?"

"பாதி வயிறு. நீங்க?"

தம்யாங்காரி அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"கால் வயிறு," என்றாள். "வாடி, பார்லி மேடு இன்னும் மிச்சம் இருக்கு. ஏறுவோம்."